உப்பின் மேல் நிற்கும் வளைவுகள்

பாலைவனம் என்றதும் நம்மில் பலருக்கு மணல்மேடும் ஒட்டகமும்தான் கண்முன் தோன்றும். ஹஜ்ஜுக்குப் போய் வந்தவர்களும் வளைகுடா நாடுகளில் தொழில் செய்து திரும்பியவர்களும் சொன்ன கதைகள் அப்படி. ஆனால் தமிழிலக்கியம் படிக்கும் மாணவிகளுக்குப் பாலை என்பது வேறு. குறிஞ்சியும் முல்லையும் மழையின்றி வரண்டு, தம் இயல்பு திரிந்த நிலைதான் பாலை. அந்த இலக்கணத்தை வைத்துப் பார்த்தால், ஐக்கிய அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலுள்ள ஆர்ச்சஸ் தேசியப் பூங்காவைச் சரியான பாலை என்றே சொல்லலாம். அங்கே கண்ணுக்கெட்டிய தூரம் வரை மணற்கடல் இல்லை. மலை உண்டு. குட்டையான ஜூனிப்பர் மரங்களும் பைன் மரங்களும் உண்டு. ஓடைகளும் உண்டு, அவற்றில் பெரும்பாலானவற்றில் தண்ணீர்தான் இல்லை.

மோவாப் என்ற சிறு பட்டணத்துக்கு வடக்கே சில கிலோமீற்றர் தூரத்தில் இப்பூங்கா தொடங்குகிறது. பரப்பு ஏறத்தாழ 310 சதுர கிலோமீற்றர். 1929இல் தேசிய நினைவுச் சின்னமாகவும், 1971இல் தேசியப் பூங்காவாகவும் பிரகடனப்படுத்தப்பட்டது. ஆண்டு முழுவதும் பெய்யும் மழையும் பனியும் சேர்ந்து 250 மில்லிமீற்றரைத் தாண்டுவது அரிது. நாம் வரண்ட பிரதேசம் என்று சொல்லும் மன்னாரில் இதைவிடப் பல மடங்கு மழை பெய்கிறது. கோடையில் வெப்பநிலை 38 பாகை செல்சியஸைத் தாண்டும். மாரியில் நீர் உறையும். ஒரே நாளில் பகலுக்கும் இரவுக்குமிடையே 20 பாகைக்கு மேற்பட்ட வேறுபாடு ஏற்படுவதும் அங்கு புதினமல்ல.

இந்த நிலத்தில் 2000க்கும் மேற்பட்ட இயற்கைப் பாறை வளைவுகள் எண்ணிப் பதிவு செய்யப்பட்டுள்ளன. உலகில் வேறெங்கும் இவ்வளவு சிறிய இடத்தில் இத்தனை வளைவுகள் இல்லை. எதை வளைவு என்று எண்ணுவது என்பதற்கும் ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். பாறையின் துவாரம் ஏதாவது ஒரு திசையில் மூன்று அடியாவது திறந்திருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் அது வெறும் ஓட்டை.

இவ்வளைவுகளை யார் குடைந்தார்கள் என்று கேட்டால், படத்தைப் பார்த்த எவரும் காற்று என்றே பதில் சொல்வார்கள். பாலைவனத்தில் காற்று மணலை வாரி அடித்துப் பாறையைத் தேய்த்திருக்கும் என்ற எண்ணம் இயல்பானதே. ஆனால் அது தவறு. இங்கு வேலை செய்தது தண்ணீர். மழையே அரிதான இடத்தில் தண்ணீர் எப்படிப் பாறையைக் குடைந்தது என்பதை விளங்கிக்கொள்ள, 30 கோடி ஆண்டுகள் பின்னே போகவேண்டும்.

அக்காலத்தில் இப்பகுதி ஒரு தாழ்ந்த வடிநிலமாக இருந்தது. கடல் மீண்டும் மீண்டும் உள்ளே வந்தது. வந்த கடல் ஒவ்வொரு முறையும் ஆவியாகி உப்பை விட்டுச் சென்றது. நமது உப்பளங்களில் சில கிழமைகளில் நடப்பது அங்கே பல இலட்சம் ஆண்டுகள் நடந்தது என்று வைத்துக்கொள்ளலாம். இவ்வாறு படிந்த உப்பு சில இடங்களில் ஆயிரம் மீற்றருக்கும் மேலான தடிப்புடையது. பின்னர் அதன்மேல் மண்ணும் மணலும் சேறும் படிந்து காலப்போக்கில் பாறையாக இறுகின. இன்று நாம் காணும் செந்நிற மணற்கல் அவற்றுள் ஒன்று. ஜுராசிக் காலத்து மணல் அது. மணல் மணிகளை ஒட்டியிருக்கும் இரும்பு ஒட்சைட்டே அதற்குச் சிவப்பு நிறத்தைக் கொடுத்தது.

இனித்தான் உப்பின் குணம் வெளிப்படுகிறது. பெரும் பாரத்தின்கீழ் உப்பு கல்லைப்போல் அசையாமல் கிடப்பதில்லை. பற்பசையை அமுக்கியதுபோல் மெல்ல நகரும். பாரம் கூடிய இடத்திலிருந்து பாரம் குறைந்த இடத்துக்கு நகர்ந்து, அங்கே மேலுள்ள பாறைப் படைகளைக் குவிமாடம்போல் உயர்த்தியது. உயர்ந்த படைகள் மேலே இழுபட்டு வெடித்தன. வெடிப்புகள் ஒன்றுக்கொன்று சமாந்தரமாக, வரிசை வரிசையாக அமைந்தன. பின்னர் நிலத்தடி நீர் உப்பைக் கரைக்கவே, குவிமாடத்தின் நடு இறங்கிப் பள்ளத்தாக்கானது. பூங்காவின் நடுவே செல்லும் சோல்ட் வலி, அதாவது உப்புப் பள்ளத்தாக்கு, அப்படி உண்டானதுதான்.

வெடிப்புகளுக்குள் மழைநீர் இறங்கியது. வெடிப்புகள் அகல அகல, அவற்றுக்கு இடையில் மிஞ்சிய பாறை மெல்லிய, உயரமான மதில்களாக நின்றது. மீனின் முதுகுச் செட்டைபோல் தோன்றுவதால் ஆங்கிலத்திலும் அவற்றைச் செட்டை என்றே அழைக்கிறார்கள். இந்தச் செட்டைகளில்தான் வளைவுகள் பிறக்கின்றன. மணற்கல் என்பது மணல் மணிகளைக் கல்சைற்று எனும் சுண்ணப் பொருள் ஒட்டவைத்த கல். மழைநீர் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு மிக மெல்லிய அமிலமாக வருகிறது. அந்த அமிலம் ஒட்டுப்பொருளைக் கரைக்கிறது. மாரி இரவில் வெடிப்பிலுள்ள நீர் உறைந்து, ஏறத்தாழ ஒன்பது வீதம் விரிந்து, கல்லை நெம்புகிறது. பகலில் உருகி இன்னும் உள்ளே இறங்குகிறது. இரவில் மறுபடியும் நெம்பல். புவியியல் பாடத்தில் வானிலையாலழிதல் என்று ஒரு வரியில் நாம் எழுதிவிட்டுப் போகும் காரியம் இதுதான். செட்டையின் அடியில் மென்மையான படையொன்று இருந்தால் அது முதலில் உதிரும். ஒரு பொந்து உண்டாகும். பொந்து மறுபக்கம்வரை போனால் வளைவு. காற்றின் வேலை, உதிர்ந்த மணலைக் கூட்டிப் பெருக்குவது மட்டும்.

அப்படியானால் வளைவு ஏன் உடனே இடிந்து விழுவதில்லை? இக்கேள்விக்கு 2014இல் பிராக் நகரின் சாள்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு நல்ல விடையைக் கண்டார்கள். இறுகிய மணற் கட்டிகளின்மேல் பாரம் ஏற்றி, அவற்றை நீரால் அரிக்கவிட்டார்கள். பாரம் தாங்காத பகுதிகள் உதிர்ந்துபோயின. எஞ்சிய பகுதி மெலிய மெலிய, அதன்மேல் அமுக்கம் கூடியது. அமுக்கம் கூடியபோது மணல் மணிகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு அரிப்பையே தடுத்துவிட்டன. பாரம் சுமக்கும் பகுதி நிலைக்கிறது, சுமக்காத பகுதி உதிர்கிறது. ஆகவே வளைவின் அழகான வடிவம் புதிதாகச் செதுக்கப்பட்டதன்று. அது பாறைக்குள் பாரம் இறங்கும் வழி.

இங்கே ஒரு சிறு விளக்கம். ஓடும் ஆறு பாறையைத் துளைத்துக்கொண்டு கீழே சென்றால் அதை இயற்கைப் பாலம் என்பார்கள், வளைவு என்பதில்லை. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் இருந்தாலும் பிறப்பு வேறு.

வளைவுகள் நிலைத்து நிற்பவை என்றும் எண்ணக்கூடாது. பூங்காவில் மிக நீளமானது லேண்ட்ஸ்கேப் வளைவு. ஏறத்தாழ 90 மீற்றர் அகலத்துக்குப் பாறை ஒரு நாடாவைப்போல் அந்தரத்தில் நீண்டிருக்கிறது. மிக ஒடுங்கிய இடத்தில் அதன் தடிப்பு இரண்டு மீற்றர்கூட இல்லை. முன்பு பயணிகள் அதன் நிழலில் அமர்ந்து இளைப்பாறுவார்கள். 1991 செப்டெம்பரில் ஒருநாள் மேலிருந்து விறகு முறிவதுபோன்ற சத்தம் கேட்டது. கீழே இருந்தவர்கள் எழுந்து ஓடினார்கள். ஏறத்தாழ 18 மீற்றர் நீளமான பாறைத் துண்டு பிளந்து விழுந்தது. அங்கிருந்த பயணியொருவர் அதைப் படமும் பிடித்தார். யாருக்கும் உயிராபத்தில்லை. 1995இலும் துண்டுகள் விழுந்தன. அதன்பின் வளைவுக்குக் கீழே செல்லும் பாதையை மூடிவிட்டார்கள். இன்று வேலிக்கு அப்பால் நின்றே பார்க்கவேண்டும்.

அதே பாதையில் சற்றுத் தூரத்தில் வோல் வளைவு என்று ஒன்று இருந்தது. 2008 ஓகஸ்டில் ஓர் இரவு அது முழுவதுமாக இடிந்து விழுந்தது. விழுந்ததைக் கண்டவர் எவருமில்லை. காலையில் நடக்கப் போனவர்கள் பாதையை மறித்துக் கிடந்த கற்குவியலைத்தான் கண்டார்கள். மாறாக, 1940இல் ஸ்கைலைன் வளைவிலிருந்து ஒரு பெரும் பாறை கழன்று விழுந்தபோது அதன் திறப்பு இரண்டு மடங்காகப் பெரிதானது. இடிவதும் வளர்வதும் இங்கே ஒரே வேலைதான்.

விழாமல் காப்பாற்ற முடியாதா என்று மனிதர் யோசிக்காமலும் இல்லை. பூங்காவின் மிகப் புகழ்பெற்ற வளைவு டெலிகேட் வளைவு. அம்மாநில வாகனங்களின் இலக்கத் தகட்டில்கூட அதன் படம் உண்டு. 1950களில் அதன்மேல் நிறமற்ற பிளாஸ்டிக் பூச்சொன்று பூசினால் என்ன என்று பூங்கா நிர்வாகம் ஆராய்ந்தது. பிறகு, அது நடைமுறைச் சாத்தியமுமல்ல, தேசியப் பூங்கா என்ற கொள்கைக்கும் பொருந்தாது என்று கைவிட்டார்கள். நல்ல வேளை என்றே எனக்குப் படுகிறது. பொலித்தீன் சுற்றிய கதிரையில் விருந்தாளியை அமரவைப்பதுபோல் இருந்திருக்கும். இப்போது செய்யப்படுவது வேறு. யூட்டா பல்கலைக்கழகப் புவிச்சரிதவியலாளர்கள் நுண்ணிய அதிர்வுமானிகளை வளைவுகளின்மேல் வைத்து, அவை அதிரும் விதத்தைப் பதிவு செய்கிறார்கள். காற்றுக்கும், தூரத்து வாகனத்துக்கும், வேறு நாட்டு நிலநடுக்கத்துக்கும் வளைவுகள் மெல்ல அதிர்ந்துகொண்டே இருக்கின்றன. அதிர்வின் சுரம் மாறினால் உள்ளே வெடிப்பு வளர்ந்திருக்கக்கூடும். வைத்தியர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்பதுபோல்தான் இதுவும்.

இனி நடைக்கு வருவோம். டெலிகேட் வளைவுக்குச் செல்லும் பாதை போய்வர ஏறத்தாழ 5 கிலோமீற்றர். ஏற்றம் 150 மீற்றருக்குக் கிட்ட. கணக்கில் பார்த்தால் பெரிதல்ல. பாவா ஆதம் மலையின் படிகளை ஏறியவருக்கு இது ஒரு காலை நேர உலா என்றே தோன்றும். ஆனால் இங்கே படியும் இல்லை, கைபிடியும் இல்லை, நிழலும் இல்லை. பாதையின் பெரும்பகுதி வெறும் பாறை. அதில் கால்தடம் பதியாது என்பதால் வழியைக் காட்டச் சிறு கற்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிவைத்திருக்கிறார்கள். விளையாட்டுக்காக நாமும் ஒன்று அடுக்கிவிட்டு வந்தால், பின்னால் வருபவர் அதை நம்பி வழிதவறுவார். கடைசி இருநூறு மீற்றர் ஒரு பாறைச் சுவரின் பக்கத்தில் ஒடுங்கிய விளிம்பில் செல்கிறது. மறுபக்கம் பள்ளம். விளிம்பு திரும்பும் இடம்வரை வளைவு கண்ணில் படாது. திரும்பியதும் எதிரே, பெரிய கிண்ணம்போன்ற பாறையின் ஓரத்தில், 16 மீற்றர் உயரத்தில் தனியே நிற்கும்.

இப்பாதை தொடங்கும் இடத்தில் மரக்கட்டைகளாலான ஒரு சிறிய குடில் உண்டு. உள்நாட்டுப் போரில் காயப்பட்ட ஜோன் வெஸ்லி வூல்ஃப் என்பவர், உலர்ந்த காற்று உடம்புக்கு நல்லதென்று 1898இல் ஒஹாயோவிலிருந்து தம் மகனுடன் வந்து இங்கே மாடு வளர்த்தார். 1906இல் மகள் ஃப்ளோரா கணவனுடனும் பிள்ளைகளுடனும் வந்து சேர்ந்தாள். தந்தையும் சகோதரனும் இருந்த நிலையைக் கண்டு அவள் திடுக்கிட்டுப் போனாள். மண்தரையில் பிள்ளை வளர்க்க முடியாதென்று சொல்லி, பலகைத் தரையுடன் புதிய குடில் கட்டவைத்தாள். இன்று நாம் பார்ப்பது ஃப்ளோராவின் அந்தக் குடிலைத்தான். 1910இல் குடும்பம் ஒஹாயோவுக்கே திரும்பிவிட்டது. பத்துப் பன்னிரண்டு ஆண்டு வாழ்வுக்கு ஒரு பெண்ணின் பிடிவாதம்தான் சாட்சியாக நிற்கிறது. குடிலுக்கு அப்பால் பாறைச் சுவரில் குதிரைவீரர்களும் காட்டுச் செம்மறிகளும் கீறப்பட்டுள்ளன. அவை யூட் இன மக்களின் கைவேலை. மாநிலத்தின் பெயரே அவர்களிடமிருந்து வந்ததுதான். குதிரையை ஸ்பானியர் கொண்டுவந்த பிறகே இம்மக்கள் கண்டார்கள். ஆகவே குதிரை இருப்பதைக்கொண்டே ஓவியத்தின் காலத்தை மட்டிட முடிகிறது.

பாலைநடையில் முதல் விடயம் தண்ணீர். ஒரு நாளைக்கு ஒருவருக்கு நாலு லீற்றர் என்பது பூங்காவினர் சொல்லும் கணக்கு. நாலு லீற்றர் என்றால் நாலு கிலோ பாரம். அதைச் சுமக்கச் சோம்பி ஒரு போத்தலுடன் புறப்படுபவர்கள்தான் அதிகம். உலர்ந்த காற்றில் வியர்வை தோலில் நிற்பதில்லை; உடனே ஆவியாகிவிடும். நம்நாட்டில் உடுப்பு நனைவதைக் கண்டு, வியர்த்துவிட்டது, தண்ணீர் குடிக்கவேண்டும் என்று அறிகிறோம். அங்கே அந்த அடையாளம் கிடையாது. தலைவலியும் தலைச்சுற்றும் வந்தபின்தான் உடம்பு வரண்டது தெரியும். வெயிலுக்குத் தலையும் கழுத்தும் கையும் மூடும் உடையே நல்லதென்று அனுபவமுள்ள நடையாளர் சொல்வார்கள். நமது மாணவிகளுக்கு இதில் புதிதாகக் கற்க ஒன்றுமில்லை.

2024 ஜூலையில் அயலிலுள்ள கன்யன்லேண்ட்ஸ் தேசியப் பூங்காவில் நடந்ததை இங்கே சொல்லவேண்டும். ஒரு தந்தையும் 23 வயது மகளும் சின்க்ளைன் என்ற பாதையில் நடந்தார்கள். 13 கிலோமீற்றர் சுற்று. பள்ளத்தில் இறங்கி மீண்டும் ஏறவேண்டிய கடினமான வழி. வெப்பநிலை 38 பாகையைத் தாண்டியிருந்தது. வழிதவறினார்கள், தண்ணீரும் தீர்ந்தது. அவசர இலக்கத்துக்குக் கையடக்கத் தொலைபேசியில் குறுஞ்செய்தி அனுப்பினார்கள். காவலர்கள் தேடிச் சென்று சேர்ந்தபோது இருவரும் இறந்திருந்தார்கள். செய்தி போய்ச் சேர்ந்திருந்தது. தண்ணீர்தான் போய்ச் சேரவில்லை.

தண்ணீர் இல்லாமை ஒரு பயம் என்றால், அது திடீரென வருவது மற்றொன்று. செங்குத்தான சுவர்களுக்கிடையே, சில இடங்களில் இரு கைகளையும் நீட்டினால் இருபுறமும் தொடக்கூடிய ஒடுங்கிய மலையிடுக்குகள் இப்பிரதேசம் எங்கும் உண்டு. அவை அழகானவை என்பதில் சந்தேகமில்லை. மேலேயிருந்து வரும் ஒளி சுவரில் பட்டுத் தெறித்து, கல் உள்ளே எரிவதுபோல் தோன்றும். ஆனால் அந்தச் சுவரை அப்படி மழமழவென்று தேய்த்தது எது என்பதை நடப்பவர் மறக்கக்கூடாது. வெறும் பாறை நிலம் மழையை உறிஞ்சுவதில்லை. பெய்தது அத்தனையும் ஒரே இடுக்கில் வந்து இறங்கும். 1997 ஓகஸ்ட் 12ஆம் திகதி, தெற்கே அரிசோனா மாநிலத்தில் நவாஹோ மக்களின் நிலத்திலுள்ள அண்டலோப் இடுக்கில் பயணிகள் சிலர் இருந்தார்கள். அவர்கள் நின்ற இடத்தில் மழை பெரிதாக இல்லை. பல கிலோமீற்றருக்கு அப்பால் மேட்டுநிலத்தில் பெய்த மழை வெள்ளமாக வந்தது. 11 பேர் இறந்தார்கள். அவர்களுடனிருந்த வழிகாட்டி ஒருவர் மட்டுமே உயிர்தப்பினார். ஆகவே இடுக்கில் இறங்குமுன் தலைக்கு மேலுள்ள வானத்தை மட்டும் பார்ப்பது போதாது. ஓடையின் தலைப்பக்கம் எங்கே, அங்கே இன்று வானிலை எப்படி என்று கேட்டறிய வேண்டும்.

மூன்றாவது விடயம், எங்கே போகிறோம் என்று வீட்டிலோ காவலரிடமோ சொல்லிவிட்டுப் போவது. 2003இல் ஏரன் ரோல்ஸ்டன் என்ற இளைஞர் கன்யன்லேண்ட்ஸுக்கு அருகிலுள்ள ஓர் இடுக்கில் தனியே இறங்கினார். ஒரு பாறை உருண்டு அவரது வலது கையைச் சுவரோடு நசுக்கிப் பிடித்துக்கொண்டது. எவரிடமும் அவர் சொல்லிவிட்டு வரவில்லை; எனவே எங்கே தேடுவதென்று எவருக்கும் தெரியவில்லை. ஐந்து நாட்களுக்குப் பிறகு தம் கையைத் தாமே வெட்டிக்கொண்டுதான் வெளியே வந்தார். இதைப் படமாகவும் எடுத்துவிட்டார்கள். படம் பார்த்தவர்கள் அவருடைய மனவுறுதியைப் புகழ்கிறார்கள். ஒரு துண்டுக் கடிதம் எழுதி வைத்திருந்தால் அந்த உறுதிக்குத் தேவையே வந்திராது என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக்கூடும், அதுவும் சரிதான்.

இவையெல்லாம் நடப்பவருக்கு நேரக்கூடியவை. நடப்பவரால் நேரக்கூடியதும் ஒன்றுண்டு. பாதைக்கு இருபுறமும் கறுத்து, புடைத்து, எறும்புப் புற்றுப்போல் தோன்றும் மண் கிடக்கும். அது வெறும் மண்ணல்ல. சயனோபற்றீரியாக்களும் லைக்கன்களும் பாசிகளும் பின்னிப்பிணைந்து மணலைக் கட்டிப்பிடித்த உயிர்ப்படலம். அதுதான் மண்ணைக் காற்றிலே போகாமல் தடுக்கிறது. மழைநீரைப் பிடித்துவைக்கிறது. காற்றிலுள்ள நைதரசனைச் செடிகளுக்கு உணவாக மாற்றுகிறது. ஒரு சப்பாத்து மிதித்தால் அது தூளாகிவிடும்; மீண்டும் வளரப் பத்துக்கணக்கான ஆண்டுகள் வேண்டும். படம் எடுப்பதற்காகப் பாதையை விட்டு நாலடி விலகுபவருக்கு இது தெரிவதில்லை. அதனால்தான் அங்கே பாறையிலோ காய்ந்த ஓடை மணலிலோ மட்டும் நடக்கச் சொல்கிறார்கள்.

பாறை மேடுகளில் மழைக்குப்பின் தண்ணீர் தேங்கும் சிறு குழிகளும் உண்டு. குனிந்து பார்த்தால் அதற்குள் விரல் நகமளவு இறால் இனங்கள் நீந்தும். கடலிலிருந்து பல நூறு கிலோமீற்றருக்கு அப்பால், பாறைக்கு மேலே இறால். குழி காய்வதற்குள் அவை பொரித்து, வளர்ந்து, முட்டையிட்டுவிட வேண்டும். முட்டைகள் அடுத்த மழைவரை, சில வேளை பல ஆண்டுகள், வெயிலிலும் பனியிலும் உலர்ந்து கிடந்து பிறகு பொரிக்கும். நமது கையிலுள்ள வெயில்தடுப்புக் களிம்போ சவர்க்காரமோ அந்தச் சிறு நீரில் கரைந்தால் உள்ளிருப்பவை பிழைக்காது. தொழுகை நேரம் வந்தது, வுழூச் செய்யலாமே என்று அங்கே கையை விடுவதற்கும் அவசியமில்லை. குடிக்க மட்டுமே தண்ணீர் வைத்திருக்கும் பயணிக்குத் தயம்மும் இருக்கிறது. நீர் வற்றிய குழியில் அடியில் கொஞ்சம் தூசிதான் தெரியும். முட்டைகள் இருப்பது அந்தத் தூசிக்குள்தான். ஆகவே அங்கு நடந்து பழகியவர்கள் காய்ந்த குழியையும் மிதிக்காமல் சுற்றிக்கொண்டே போவார்கள்.